எண்ணி வாங்கினோம், எண்ணைச் சொல்லி இழந்தோம்



நம்ம கூட்டமைப்பின் சிறப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாங்க. எத்தனை குழு ஆரம்பிச்சோம், எவ்வளவு கடன் வாங்கி எவ்வளவு திருப்பிக் கட்டினோம் என்பதெல்லாம் மலரின் மற்ற பக்கங்களில் இருக்கும். நான் எழுத வந்தது வேறொரு வரலாறு. நம்ம கையில் நாலு காசு சேரச் சேர, அதை ஏமாத்திப் பறிக்க வந்தவர்களின் வரலாறு. முன்னாடி வாசலில் வந்து நின்றார்கள். இப்போது பேங்க் பெயரைப் போட்டுக்கொண்டு செல்போனுக்குள் குறுஞ்செய்தியாக வருகிறார்கள்.

அப்படி ஒரு செய்தியில் ஏமாந்தவள் நான். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் குழு ஊக்குநராக இருக்கிறேன். 'ஊக்குநரே ஏமாந்தாளா'ன்னு கேட்பீங்க. ஏமாந்தேன். அதை மறைச்சிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருக்காது.

அடுக்குப்பானையும் கைநாட்டும்

எங்க அப்பத்தா காசை அடுக்குப்பானையில் அரிசிக்குள் வைப்பாங்க. அவசரத்துக்கு முந்தானை முடிச்சு. அந்தக் காசுக்குக் கள்ளன் பயம் மட்டும்தான். பெரிய ஏமாற்று வேறு இடத்தில் நடந்தது. நடவுக்கோ, நல்லது பொல்லாததுக்கோ கடன் வாங்கப் போனால், எழுதாத தாளில் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள். வாங்கியது நூறு ரூபாயாக இருக்கும். பிறகு அந்தத் தாளில் எத்தனை சைபர் ஏறியது என்பது எழுதினவருக்குத்தான் தெரியும். வட்டி கட்டியே நகையும் நிலமும் போன குடும்பம் இந்த மதுரைச் சீமையில் ஊருக்கு நாலு இருக்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்ததே 2003-ல்தான்.

இந்த வெற்றுத்தாள் கைநாட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி இதே கைநாட்டு வேறு பெயரில் வரப்போகுது.

1969 ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய வங்கிகளை மத்திய அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதற்குப் பிறகு கிராமங்களுக்கு வங்கிக் கிளைகள் வந்தன. ஆனாலும் நம்மைப் போன்ற பெண்களுக்கு அந்தக் கதவு சட்டென்று திறக்கவில்லை. சொத்து உண்டா, ஜாமீன் உண்டா, கையெழுத்துப் போடத் தெரியுமா என்று மூன்று கேள்வி கேட்டால் நாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மூணு பேர் கையெழுத்து

அந்தக் கதவைத் திறந்தது குழுக்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், ஐ.நா. அமைப்பான பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசின் மகளிர் குழுக்கள் தொடங்கின. நம்ம மதுரைப் பக்கம் 1990-ல் களஞ்சியம் இயக்கம் ஆரம்பமானது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாடு முழுவதுக்குமாகத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது.

அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. வயலில் கூலி வேலை செய்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் குழுக்களை ஊர் ஊராகக் கட்டினார். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் லட்சக்கணக்கில் பணத்தை எப்படி ஏமாறாமல் கையாண்டார்கள்? இது நான் பல நாள் யோசித்த கேள்வி. பதில் நம்ம வழக்கத்திலேயே இருக்குது. கூட்டத்தில் காசை நடுவில் வைத்து எண்ணுவோம். ஒருத்தி எண்ணினதை இன்னொருத்தி திரும்ப எண்ணுவாள். கணக்கை எல்லோர் காதிலும் விழுற மாதிரி வாசிப்போம். தீர்மான நோட்டில் எழுதாமல் பணம் நகராது. பேங்கில் எடுக்க ஊக்குநரோடு பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, நம்ம பாதுகாப்பு படிப்பினால் வரவில்லை. ஒத்தையில் எதையும் செய்யாததால் வந்தது.

பாஸ் புத்தகத்தில் இருந்து செல்போனுக்கு

உலகத்தின் முதல் குறுஞ்செய்தி இங்கிலாந்தில் 1992 டிசம்பர் 3-ஆம் தேதி அனுப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் அந்தச் செய்தி. நம்ம குழுக்கள் வங்கிக்குள் காலடி வைத்த அதே வருஷம். இந்தியாவில் செல்போன் பேச்சு 1995-ல் தொடங்கியது. அப்போது இந்த இரண்டும் ஒருநாள் நம்ம கையில் ஒன்றாக வந்து சேரும் என்று யார் நினைத்தது?

கார்டு வைத்து இணையத்தில் பணம் கட்டும்போது கார்டு எண் மட்டும் போதாது, இன்னொரு ரகசிய எண்ணும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் கட்டாயமாக்கியது. அந்த ரகசிய எண்தான் வரவர ஓடிபி என்று செல்போனுக்கு வர ஆரம்பித்தது. 2011-ல் கார்டில் நடக்கும் ஒவ்வொரு வரவு செலவுக்கும் குறுஞ்செய்தி அனுப்ப வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. இரண்டுமே நம்மைக் காப்பாத்த வந்த ஏற்பாடுகள்.

2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்கு வந்தது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அந்த வருஷமே யுபிஐ-யும் வந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து செல்லூர் தறிக்கூடம் வரை காசு செல்போனில் நகர ஆரம்பித்தது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் கணக்கில் விழுந்தது. 'பணம் வந்துருச்சா' என்று மெசேஜைத் திறந்து பார்ப்பது வீட்டுக்கு வீடு பழக்கமானது.

பேங்கில் இருந்து மெசேஜ் வந்தால் நம்பலாம் என்று நமக்குப் பழக்கப்பட்டு விட்டது. ஏமாத்துக்காரனுக்கு வேண்டியதும் அந்த நம்பிக்கைதான்.

'மேனேஜர் பேசுறேன்'

முதலில் குரலாக வந்தான். "பேங்க் மேனேஜர் பேசுறேன், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆகப் போகுது, கார்டு மேல இருக்குற 16 நம்பரைச் சொல்லுங்க" என்பான். இந்தியும் தமிழும் கலந்த பேச்சு. நம்பரைச் சொன்னதும், "இப்ப ஒரு நம்பர் வந்துருக்கும், அதையும் சொல்லுங்க" என்பான். சொன்ன நிமிஷம் பணம் போயிடும். ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா மாவட்டம் இந்தத் தொழிலுக்கே பேர் போனது. பல மாநிலப் போலீஸ் அங்கே போய் ஆட்களைப் பிடித்து வந்தார்கள்.

ஜனங்கள் உஷாராகி அந்தக் குரலைக் கேட்டதும் வைத்துவிட ஆரம்பித்தார்கள். உடனே ஆள் மாறவில்லை, வேஷம் மாறியது. குறுஞ்செய்தி வந்தது. 'கேஒய்சி முடியவில்லை, கணக்கு முடக்கப்படும்', 'பான் கார்டு இணைக்கவில்லை, இன்றே இணைக்கவும்' என்று எழுதி, கீழே நீல நிறத்தில் ஒரு லிங்க். 2022-ல் ஸ்டேட் பேங்க் பெயரில் இப்படி ஒரு பொய்ச் செய்தி நாடு முழுக்கப் பரவி, அது போலி என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரிக்கை வெளியிட்டது. அதே வருஷம் 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற செய்தியும் சுற்றியது. அதை நம்ப வேண்டாம் என்று நம்ம மின்வாரியமும் சொல்ல வேண்டி வந்தது.

இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் தானாக விரும்பிச் செய்கிறவர்கள் என்றும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போன தமிழ்ப் பிள்ளைகளை மியான்மரில் அடைத்து வைத்து இந்த மோசடி வேலையைச் செய்யச் சொன்னார்கள். 2022-ல் அரசு சிலரை மீட்டுச் சென்னைக்குக் கொண்டு வந்தது. வெளிநாட்டு வேலை என்று வருகிற ஏஜெண்டையும் விசாரித்துப் பார்க்க இது ஒரு காரணம்.

எனக்கு நடந்தது

2022 ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். குழுக் கடன் தவணையைத் திங்கட்கிழமை கட்ட வேண்டும். பூப்பறிக்கிற பெண்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று சிலர் கையில் கொடுத்தார்கள். சிலர் செல்போனில் என் கணக்குக்கு அனுப்பினார்கள். கையில் வந்ததையும் கணக்கில் போட்டிருந்தேன். அப்படிச் சேர்ந்த குழுப் பணம் 22,000. மகளின் காலேஜ் பீஸுக்காக நான் சேர்த்தது 24,500. ஆக மொத்தம் 46,500 ரூபாய்.

அடுப்பில் உலை கொதிக்குது. போனில் மெசேஜ். 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும். பான் கார்டைப் புதுப்பிக்கவும்.' எனக்குத் திங்கட்கிழமைத் தவணை ஞாபகம்தான் வந்தது. கணக்கு முடங்கினால் பணம் எப்படிக் கட்டுவது? லிங்க்கைத் தொட்டேன். அச்சு அசலாக பேங்க் பக்கம் மாதிரியே திறந்தது. அதே நிறம், அதே முத்திரை. கேட்டதை எல்லாம் போட்டேன். ஒரு 'ஆப்' இறக்கச் சொன்னது, இறக்கினேன். ஓடிபி வந்தது, அதையும் போட்டேன். அஞ்சு நிமிஷத்தில் 19,900 போனது.

உடனே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், குழுவில் 'பணத்தைத் தின்னுட்டு கதை கட்டுறா'ன்னு பேசுவாங்களோ என்று பயம். மீதி இருக்கே, திங்கட்கிழமை எப்படியாவது புரட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்று போனைத் தலைகாணிக்கு அடியில் வைத்துப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னொரு 25,000 போனது. இந்த முறை என்னிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. கணக்கில் மிச்சம் 1,600.

திங்கட்கிழமை காலையில் தவணை கட்டப் போகலாம்னு பிரதிநிதிகள் ரெண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. குழுவில் மூத்தவரான மதினியைக் கூட்டி வந்தார்கள். எல்லாத்தையும் கேட்டுட்டு மதினி சொன்னாங்க: "பணம் போனா சம்பாதிச்சுக்கிரலாம்த்தா. ஆனா ஒண்ணு கேக்குறேன். கூட்டத்துல நூறு ரூவாயக்கூட ஒத்தையில எண்ண மாட்டோம்ல? செல்லுல மட்டும் ஏன் ஒத்தையில எண்ணுன?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கே 1930-க்குப் போன் செய்தோம். பேங்குக்குப் போய்க் கணக்கை நிறுத்தினோம். முதலில் போன பணத்தில் ஒரு ரூபாய் கூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது பணத்தில் 11,000 மட்டும் ஏதோ ஒரு கணக்கில் தடுத்து நிறுத்தப்பட்டு, பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த மாசத் தவணையை உறுப்பினர்கள் மறுபடி ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். குழுப் பணம் 22,000-ஐ என் பெயரில் உள்கடனாக எழுதி, மாதாமாதம் கட்டி முடித்தேன். மகளின் பீஸுக்குத் தோட்டை அடகு வைத்தேன். சனிக்கிழமை ராத்திரியே வாயைத் திறந்திருந்தால் அந்த 25,000 போயிருக்காது. லிங்க்கைத் தொட்டதால் இழந்ததைவிட, வெட்கப்பட்டு மறைத்ததால் இழந்தது அதிகம்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன நடக்குது?

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நாம் திறக்கிற அந்தப் பக்கம் பேங்குடையது இல்லை. பேங்க் மாதிரி பெயின்ட் அடித்த போலிக் கடை. அதில் நாம் போடுகிற பெயர், கடவுச்சொல் எல்லாம் அவனுக்குப் போகுது. அவன் அதே நேரத்தில் உண்மையான பேங்க் பக்கத்தில் அதைப் போட்டு உள்ளே நுழைகிறான். 'உள்ளே வருவது நீங்கதானா, பணம் அனுப்புவது நீங்கதானா' என்று பேங்க் நம்மிடம் கேட்கும். அந்தக் கேள்விதான் ஓடிபி. அதை அவனிடம் கொடுத்தால், 'ஆமா, நான்தான்' என்று அவனுக்காக நாமே கைநாட்டு வைத்த மாதிரி. அப்பத்தா காலத்து வெற்றுத்தாள் கைநாட்டும் இந்த ஆறு இலக்க நம்பரும் ஒண்ணுதான். தொகையை எழுதுவது அவன்.

நான் இறக்கின 'ஆப்' இன்னும் மோசம். என் போனுக்கு வரும் மெசேஜ்களைப் படித்து அவனுக்கே அனுப்பிவிடும். அதனால்தான் இரண்டாவது தடவை என்னைக் கேட்காமலே பணம் போனது. இப்போது வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பேங்க் அறிவிப்பு என்ற பெயர்களில் 'ஏபிகே' என்று முடிகிற கோப்பு வருகிறது. அதுவும் இதே வேலையைச் செய்வதுதான். தொடவே கூடாது.

இன்னொன்றும் இருக்குது. பறித்த பணம் நேராக அவன் கணக்குக்குப் போகாது. 'உன் பாஸ் புத்தகத்தையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்' என்று ஏழைப்பட்டவர்களிடம் வாங்கிய கணக்கில்தான் முதலில் விழும். போலீஸ் வரும்போது மாட்டுவது அந்தக் கணக்குக்காரர்தான். கணக்கை வாடகைக்கு விடுவது குற்றம். உங்க வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்க.

அரசும் ரிசர்வ் வங்கியும் செய்தவை

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. உங்கள் தவறும் இல்லாமல், பேங்க் தவறும் இல்லாமல் கணக்கில் இருந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குச் சொன்னால் நஷ்டம் உங்களுடையது இல்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போனால் அது பேங்கின் பொறுப்பு. அதனால் தவறு நம்முடையதாக இருந்தாலும் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். சொன்னதற்கு அத்தாட்சியாகப் புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2021-ல் இணைய நிதி மோசடிக்கு என்று தனி உதவி எண் வந்தது. முதலில் 155260. அடுத்த வருஷமே அது 1930 என்று மாறியது. 1930-க்குச் சொன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த பேங்குக்குத் தகவல் போய், எடுக்காமல் மிச்சம் இருக்கிற பணத்தை நிறுத்தி வைப்பார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் பணம் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் தங்கம் மாதிரி. மதுரை மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியாக சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

2025-ல் மூன்று மாற்றம் வந்தது. பேங்க், அரசுத் துறைகள் அனுப்பும் செய்திகளின் மேலே நம்பருக்குப் பதில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரின் கடைசியில் இப்போது ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. 'டி' என்றால் வரவு செலவு, ஓடிபி போன்ற செய்தி, 'எஸ்' என்றால் சேவைச் செய்தி, 'ஜி' என்றால் அரசு, 'பி' என்றால் விளம்பரம். சாதாரணப் பத்து இலக்க நம்பரில் இருந்து 'பேங்க்' என்று செய்தி வந்தால் அது பேங்க் இல்லை. அடுத்து, கணக்கு விஷயமாக நம்மை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. மூன்றாவது, வங்கிகளின் இணைய முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்றது.

இத்தனை இருந்தும், 2024-ல் மட்டும் நம் நாட்டு மக்கள் இணைய மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. ஆக, சட்டமும் எண்ணும் இருந்தால் மட்டும் போதாது, நாமும் கவனமாக இருக்க வேண்டும்.

நம்ம ஊர்க் கதையே சொல்லுது

மெசேஜ் எத்தனை வேஷத்தில் வந்தாலும் ஒன்று மாறாது. அவசரப்படுத்தும். 'இன்றே', 'இன்னும் ரெண்டு மணி நேரத்தில்', 'ராத்திரிக்குள்' என்று இருக்கும். யோசிக்கவும் பக்கத்தில் கேட்கவும் நேரம் கொடுத்தால் அவன் பிழைப்பு நடக்காது.

இதே மதுரையில், சிலப்பதிகாரக் கதையில் பொற்கொல்லன் ஒருத்தன் அரசனிடம் போய், ராணியின் சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று கோவலனைக் காட்டிக்கொடுத்தான். நம்பிக்கையான ஆள் சொல்றானே என்று பாண்டியன் விசாரிக்காமல் உத்தரவு போட்டான். கண்ணகி வந்து சபை நடுவில் சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே இருப்பது முத்து இல்லை, மாணிக்கம் என்று தெரிந்தது. அதை முன்னாலேயே பார்த்திருந்தால்? ஒரு நாழிகை ஆகியிருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவங்க சும்மா சொல்லவில்லை. ராஜாவுக்கே அந்தக் கதி என்றால், அடுப்படியில் நிற்கிற நமக்கு?

எங்க குழுவின் தீர்மானம்

எனக்கு நடந்ததற்கு அடுத்த கூட்டத்தில் எங்க தீர்மான நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். உங்க குழுவுக்கும் சரி என்று பட்டால் எழுதிக்கோங்க.

ஒன்று. பேங்க், கரண்ட் ஆபீஸ், உரிமைத் தொகை, எந்தப் பெயரில் மெசேஜ் வந்தாலும் அதில் உள்ள லிங்க்கைத் தொடுவதில்லை, அதில் உள்ள நம்பருக்குப் பேசுவதில்லை. சந்தேகம் என்றால் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்கே போவது.

இரண்டு. ஓடிபி நம்ம கைநாட்டு. பேங்க் மேனேஜரே கேட்டாலும் சொல்வதில்லை. உண்மையான மேனேஜர் கேட்கவும் மாட்டார்.

மூன்று. பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. 'பணம் வர பின் நம்பர் போடு' என்றால் அது திருட்டு. 'தப்பா உங்களுக்குப் பணம் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க' என்று யாராவது கெஞ்சினால், வந்த மெசேஜை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பார்ப்பது. பேங்க் வழியாகத்தான் திருப்புவது.

நான்கு. பணம் சம்பந்தமாக எந்த மெசேஜ் வந்தாலும், கை வைக்கும் முன் குழுவில் இன்னொருத்தியிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. அடுத்த வீட்டு அக்கா ஆனாலும் சரி, ஸ்கூல் பிள்ளை ஆனாலும் சரி.

ஐந்து. குழுப் பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு நாள்கூட வைப்பதில்லை.

ஆறு. யாராவது ஏமாந்துவிட்டால், திட்டுவதும் இல்லை, சிரிப்பதும் இல்லை. முதலில் 1930, அடுத்து பேங்க். மற்ற பேச்செல்லாம் அப்புறம்.

இந்த ஆறாவதை எழுதச் சொன்னது மதினிதான். "திட்டுவோம்னு பயந்துதான மறைக்குறா? பயத்தை எடுத்துட்டா பாதிப் பணம் தப்பிச்சிரும்" என்றார். செல்போனில் பச்சை எது, சிவப்பு எது என்று மட்டுமே தெரிந்தவர் அவர்.

போன மாசம் எங்க குழுவில் ஒரு தங்கச்சிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மெசேஜ் வந்தது. 'உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும்.' போனை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அக்கா, இதை வாசிக்கிறேன், கேளுங்க" என்று சத்தமாக வாசித்தாள். வாசித்து முடிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு அந்த பேங்க்ல கணக்கே இல்லையேக்கா!" என்றாள்.